மெதுவா விடுங்கக்கா

அம்மா வண்டியில் சாகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே அதைத்தான் கேட்டார்கள். "வளைவுலயா?" இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். இதயம் நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் ஒன்றிரண்டு முகங்களில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. அவள் வண்டி ஓட்டியது அவர்கள் கண்ணை அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

அதனால் அவள் அந்த மலைச்சாலை வளைவில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். அதை முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி, நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நோயாளிகள் அவளை 'நோகாதம்மா' என்று கூப்பிடுவார்கள். "அந்த ஜன்னல் வழியா என்ன தெரியுது, சொல்லுங்க பாப்போம்" என்பாள். அவர்கள் எட்டிப் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிடுவாள்.

மலைமேல் இருந்த வீடுகளுக்குப் போய்வந்தவர் வேலையை விட்டதும் மலை அம்மா தலையில் விழுந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டர் ஏற்றத்தில் திணறியது. நிலையத்தின் கியர் வண்டியைக் கொடுத்தார்கள். அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தடுக்க வீட்டில் நான் மட்டும்தான். என் பேச்சு எடுபடவில்லை.

கியர் வண்டி பழக்கியது எங்கள் தெருமுனை மெக்கானிக். ஆள் உயரமாகவும் குச்சியாகவும் இருந்ததால் ஊருக்கே அவர் 'ஒட்டடைக்குச்சி'. அவரும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். கிளட்ச், கியர், இரண்டு பிரேக் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அம்மா முதல்முறை மலைக்குக் கிளம்பிய காலையில், கையில் கிரீஸோடு ஓடிவந்து சொன்னார்:

"அக்கா, வளைவுல மட்டும் மெதுவா விடுங்க. என்ன? மெதுவா விடணும்."

"சரி தம்பி" என்றாள் அம்மா.

அந்த வாரமே விழுந்தாள்.

மலைச்சாலையில் இறங்கும்போது ஒரு பெரிய வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும். வண்டி அவளை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் சுவரடியில் தள்ளியது. எதிரே எதுவும் வரவில்லை. முழங்கை தோல் உரிந்தது, அவ்வளவுதான். பெட்டியில் இருந்த குழாய்களில் பாதி உடைந்துவிட்டது.

முழங்கையை அவள் பொருட்படுத்தவில்லை. குழாய் உடைந்தவர்களுக்கெல்லாம் மறுபடி போய் ஊசி குத்த வேண்டியிருந்தது. அதில் ஒருவர் சிறுநீரகம் பழுதான பெரியவர். அவர் கையில் நரம்பு கிடைப்பதே பெரும் பாடு. "என்னம்மா, காலைலதானே எடுத்தே?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாராம். அதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா மலையை நிறுத்திடலாம்மா. அவங்கல்லாம் கீழ வந்து குடுக்கட்டும்" என்றார். கீழே வர முடியாதவர்களுக்குத்தான் அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையில் ஒரு துண்டோடு அப்படியே நின்றாள்.

"பயமா இருக்கு, பாப்பா."

அம்மா இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதுகூடச் சொன்னதில்லை.

"அப்ப போகாத."

"போகாம இருக்கப் பயமில்லை. போகத்தான் பயமா இருக்கு. நாளைக்கும் போவேன். பயப்படாம எப்படிப் போறதுன்னு சொல்லு. பிரேக்குதானே உன் பொழப்பு?"

என் வேலை லிஃப்ட் பரிசோதனை. லிஃப்டின் பிரேக்குக்கு இரண்டே நிலை: பிடித்திருக்கும், அல்லது விட்டிருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. இருந்தால் அது பழுது. மோட்டார் சைக்கிள் வளைவில் முழுக்க அந்த நடுவில்தான் ஓடுகிறது. எனக்குக் கணக்குத் தெரியும். கையில் பழக்கம் இல்லை. "என்ன நடக்குதுன்னு பார்க்கணும். பின்னாடி உட்கார்ந்து வரேன்" என்றேன்.

மறுநாள் விடுப்புப் போட்டேன். ஏறும்போது ஒன்றுமில்லை. வீடுகளை முடித்துவிட்டு இறங்கினோம். பெட்டியை என் முதுகில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வளைவு தூரத்தில் தெரிந்ததுமே அவள் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. ஆனால் வண்டி வேகம் குறையவில்லை. அதே வேகத்தில் உள்ளே போனாள், சாய்த்தாள், சாய்ந்த பிறகுதான் முன்பிரேக்கை இறுக்கினாள்.

வண்டி வெடுக்கென்று நிமிர்ந்தது. வளைய வேண்டிய வண்டி நேராகப் போனது. நடுக்கோடு எங்கள் சக்கரத்துக்கு அடியில் ஓடியது, பிறகு எங்களுக்கு உள்பக்கம் ஓடியது. சுவரும் மர உச்சிகளும் நேர் எதிரே. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவள் பிரேக்கை விட்டாள், மறுபடி பிடித்தாள், விட்டாள். ஒரு கார் ஹாரனை அமுக்கிக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி போனது. எப்படியோ எங்கள் பக்கம் வந்து சேர்ந்தோம்.

ஓரம் கட்டினாள்.

"பாத்தியா?" என்றாள். "தினமும் இதான்."

வண்டியை நேராக ஒட்டடைக்குச்சியின் கடைக்கு விடச் சொன்னேன். அவர் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். வளைவில் நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் சொன்னபடிதானே செய்யறீங்க?"

"நீ சொன்னபடிதான் தம்பி. வளைவுல மெதுவாத்தான் விடறேன். உள்ள போனதும் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு மெதுவா விடறேன்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என்னத்தை விடறீங்க?"

"வண்டியை."

"ஐயோ அக்கா! நான் பிரேக்கைச் சொன்னேன்! பிரேக்கை மெதுவா விடுங்கன்னேன்!"

"வண்டியைத்தானேப்பா விடுவாங்க? மெதுவா விடுன்னா மெதுவா ஓட்டுன்னுதானே அர்த்தம்? ஊர்ல யாரை வேணா கேளு."

"ஊரைக் கேட்டா வண்டி ஓட்டுவாங்க? வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே பிரேக்கைப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சுடணும். சாய்க்கச் சாய்க்க அந்தப் பிடியைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுட்டே போகணும். நீங்க என்னடான்னா தலைகீழாப் பண்ணியிருக்கீங்க. அதுவும் அந்த வளைவுல!" என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கம்மா இத்தனை நாள் உயிரோட இருக்கிறது கடவுள் புண்ணியம்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் சொல்லாமல் விட்டதில் என் அம்மா தினமும் சாவுக்குப் பக்கத்தில் போய்வந்திருக்கிறாள்.

என் பங்குக்குச் சொன்னேன்: "டயருக்குத் தரையில இருக்கிற பிடி ஒரு அளவுதான்மா. திரும்பறதுக்கும் அதையேதான் செலவு பண்ணணும், நிக்கறதுக்கும் அதையேதான். நல்லா சாய்ஞ்சிருக்கும்போது முக்கால்வாசி திரும்பறதுக்கே போயிடும். மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு மேல கேட்டா வழுக்கிடும், இல்லேன்னா இன்னிக்கு மாதிரி நிமிர்ந்து நேரா போயிடும்."

"அப்ப வளைவுக்குள்ள ஏதாவது குறுக்க வந்தா? பிடிக்கவே கூடாதா?"

"பிடிக்கலாம்" என்றார் ஒட்டடைக்குச்சி. "ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல. வேகம் குறையக் குறைய வண்டியை நிமிர்த்தணும். நிமிர நிமிர அழுத்திப் பிடிக்கலாம்."

அம்மா பிரேக் பிடியைப் பார்த்தாள். பிறகு விரலால் மெல்ல இழுத்தாள்.

"சிரிஞ்சு மாதிரியா? வெடுக்குன்னு இழுத்தா நரம்பு ஒட்டிக்கும், ரத்த அணு உடைஞ்சுபோகும். வர்ற அளவுக்குத்தான் இழுக்கணும்."

"அதேதான்" என்றேன்.

"தெரியுது. பயந்துட்டா மறந்துபோகுதே."

பழக வேண்டும், அவ்வளவுதான்.

மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முற்றம் கிடைத்தது. ஒட்டடைக்குச்சி சுண்ணாம்பால் ஒரு வளைவு போட்டு, ஓரத்தில் காலி பெயின்ட் டப்பாக்களை வைத்தார். அம்மா நேராக வந்தாள், பிரேக் பிடித்தாள், சாய்த்தாள், விட்டாள். முதல் டப்பா உருண்டது. அடுத்த சுற்றிலும் அதே டப்பா.

"அந்த டப்பா உங்களுக்கு என்னக்கா கெடுதல் பண்ணுச்சு? அதைப் பாக்காதீங்க! எதைப் பாக்கறீங்களோ அதுமேலதான் போவீங்க. போகவேண்டிய இடத்தைப் பாருங்க!"

"பாக்கக் கூடாதுன்னா எதுக்குடா வெச்சே?"

தினமும் வேலை முடிந்ததும் அங்கேதான். பிறகு அவர் நினைத்த நேரத்தில் கையைத் தட்டுவார். வளைவின் நடுவில் அவள் மெல்லப் பிடித்து, நிமிர்த்தி, அழுத்தி நிற்க வேண்டும். அதில் ஒருமுறை இறுக்கிவிட்டாள். வண்டி விழுந்தது, அடியில் சிக்காமல் காலை இழுத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை தட்டச் சொல்லு" என்றாள். தரையில் தண்ணீர் ஊற்றியும் பழகினாள். மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. பெரிய வளைவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்தன, சிலர் கிண்டல் செய்தார்கள். தள்ளினாள்.

ஒருநாள், "நாளைக்குத் தள்ளப்போறதில்லை. நீயும் வா" என்றாள்.

காலையில் தூறல் போட்டு நின்றிருந்தது. வீடுகளை முடித்துக்கொண்டு இறங்கினோம். பெரிய வளைவுக்குக் கொஞ்சம் மேலே வண்டியை நிறுத்தினாள்.

"இறங்கு."

"எதுக்கும்மா?"

"நீ பின்னாடி இருந்தா உனக்காகவும் பயப்படுவேன். எனக்கு என் பயமே போதும். பெட்டியைக் கட்டிக் குடுத்துட்டு நடந்து வா."

பெட்டியைப் பின்சீட்டில் கட்டினேன். முடிச்சைத் தேவைக்கு மேல் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. தலைக்கவசக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினாள். பாறை அவளை மறைத்துவிட்டது.

அடுத்த கணம் கீழே இருந்து லாரி ஹாரன். நீண்ட ஹாரன். அது நிற்பதற்குள் காற்று பிரேக்கின் சீறல். அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடினேன். ஈரத்தில் செருப்பு ஒன்று கழன்று போனது. எந்த நிலையில் அவளைப் பார்க்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. எதையும் முழுசாக நினைக்க விடாமல் ஓடினேன். பாறையைச் சுற்றியதும் லாரிதான் முதலில் தெரிந்தது. ஜல்லி ஏற்றிய லாரி, நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நின்றிருந்தது. அதன் மூக்குக்கும் பாறைக்கும் இடையில் அம்மாவின் வண்டி. நின்றிருந்தது. நிமிர்ந்து நின்றிருந்தது. அம்மா அதன்மேல், இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி. முன்சக்கரத்துக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம்.

லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். அவருக்கும் முகத்தில் ரத்தமே இல்லை.

"முடிஞ்சுதுன்னு நினைச்சேம்மா."

"நானும்" என்றாள் அம்மா.

அவள் விரல்கள் பிடியில் இருந்து வரவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவ்வளவு குளிர்ந்திருந்தன.

"பாதி வளைவுல மூக்கு தெரிஞ்சுதுடி. கை இறுக்கப் பாத்துது. விடலை. மெல்ல, மெல்லன்னு சொல்லிட்டே பிடிச்சேன். பாறைக்கும் லாரிக்கும் நடுவுல இருந்த இடத்தையே பாத்தேன். லாரியைப் பாக்கவே இல்லை. நிமிர்ந்ததும் அழுத்தினேன்."

ஓட்டுநர் லாரியைப் பின்னால் எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். அம்மா பெட்டியைத் திறந்து குழாய்களைப் பார்த்தாள். மூடினாள். வண்டியைக் கிளப்பினாள்.

"ஏறு."

ஏற முடியவில்லை. முழங்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆடின.

"நான் பஸ்ல வரேன்மா."

"ஏண்டி, ஓட்டினது நான். கால் உனக்கா ஆடுது?" சிரிக்க முயன்றாள், சரியாக வரவில்லை. "பயம் போயிடுச்சுன்னு நினைக்காத. அப்படியேதான் இருக்கு. பெட்டி சூடாயிடும், நான் போறேன்."

பஸ் உடனே வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு திருப்பம் தாண்டியதும் அம்மா முன்னால் போவது தெரிந்தது. நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வளைவு வந்தது. அதற்கு வெகு முன்பே அவள் வண்டியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. சாய்ந்தாள். சாயும்போதும் சிவப்பு இருந்தது. வளைவின் பாதியில் அணைந்தது. வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமே, நூல் பிடித்த மாதிரி திரும்பியது.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. யாரோ மூட்டையோடு ஏறினார்கள். நான் எழுந்து நின்று பார்த்தேன். அவள் அதற்கடுத்த வளைவுக்குள் போய்விட்டிருந்தாள்.