லாக் உள்ள ராட்செட்

என் தங்கையின் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் பதினேழு வருஷம் என்ஜின் வேலை பார்த்தவர். அதே பட்டறையில் நான் ஃபோர்மேன். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். அவர் திறக்கவே மாட்டார். மதியம் நான் பேசி முடிப்பதற்குள் அவர் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்திருப்பார். ஆனால் ஓடுகிற என்ஜின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாரென்றால், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. மறைப்பானேன்?

பட்டறையில் போல்ட் கழற்றுகிற பழைய ராட்செட் ஸ்பேனர் உடைந்துபோனது. அவர்தான் எப்போதும் அதை எடுப்பார். ஏனென்று நான் யோசித்ததே இல்லை. தலை மடங்கும் ராட்செட்டில் இரண்டு வகை. ஒன்றில் பட்டனை அழுத்தித் தலையைச் சாய்த்தால் அப்படியே லாக் ஆகி நிற்கும். உடைந்தது அந்த வகை. மற்றதில் லாக் கிடையாது. தலை தொளதொளவென்று ஆடும், இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் மெலிசு. இண்டு இடுக்கிலெல்லாம் நுழையும். அழுக்கேறிச் சிக்கிக்கொள்ளப் பட்டனும் இல்லை. லாக் இல்லாததையே வாங்கிப்போட்டேன்.

பேசாத மனுஷன் அன்றைக்குப் பேசினார்.

"மச்சான், லாக் உள்ளதா ஒண்ணு வாங்குங்களேன்."

"ஏன் மாப்ள?"

"வேலைக்கு வசதியா இருக்கும்."

"நல்லாக் கேட்டீங்க போங்க! தலையைப் புடிக்கக்கூடச் சோம்பேறித்தனமா? இன்னொரு கை என்ன, அழகுக்குத் தொங்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் நான் நிறுத்துகிற ஆளா? புது ராட்செட்டை அவர் கையில் திணித்தேன். எதிரே நின்ற பஸ்ஸின் ஸ்டார்டர் மோட்டாரைக் காட்டினேன். அதன் மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாமல் பின்னால் ஒளிந்திருக்கும்.

"கழட்டிக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். வலது கையால் ராட்செட்டை உள்ளே விட்டு, தலையைப் பிடிக்க இடது கையைக் கொண்டுபோனார். தலை சரிந்தது. அதன் முனையில் மாட்டியிருந்த சாக்கெட் நழுவித் தரையில் உருண்டது. எடுத்து மாட்டினார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை கையை வெளியே எடுத்தபோது இடது கை விரல்களிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ தகடு கிழித்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் கையைப் பார்த்தார்.

சாயந்திரம் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒண்ணரை வருஷமாச்சு. கழுத்து நரம்புல கோளாறாம். மூணு விரல்ல சூடும் தெரியாது, வலியும் தெரியாது. சட்டை பட்டன் நான்தான் போட்டுவிடறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? உங்கிட்டச் சொல்றதும் ஊரைக் கூட்டிச் சொல்றதும் ஒண்ணுதாண்ணா. தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிருவாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியே திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் லாக் உள்ளதாக ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் மேனேஜர் அறை வாசலில் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார். என்ஜின் வேலை வேண்டாம், ஸ்டோரில் போடுங்கள் என்று அவரே எழுதியிருந்தார்.

"மாப்ள, இந்தாங்க. நான் பேசினது தப்பு."

வாங்கிக்கொண்டார். வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்தி, தலையைத் தொடையில் வைத்துச் சாய்த்தார். லாக் விழுந்தது.

"நல்ல சாமான்" என்று திருப்பிக் கொடுத்தார். "இது இருந்தா என் கை யாருக்கும் தெரியாதுன்னுதான் கேட்டேன் மச்சான். இனிமே எதுக்கு?"

இப்போது அவர் ஸ்டோரில் உட்கார்ந்து போல்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிறார். எனக்கு எது தேவைப்பட்டாலும் வேறு ஆளைத்தான் அனுப்புகிறேன்.