கொம்பு முளைக்காத குஷன்

தைத்து முடித்த குஷனை அவர் முதலில் சுவரில் ஓங்கி எறிவார். விழுந்ததை எடுத்து நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். தையல் விடவில்லை, பஞ்சு ஒதுங்கவில்லை என்றால்தான் "பாஸ்!" சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு. ஒரு நாளைக்கு நாலைந்து 'பாஸ்' என் காதில் விழும்.

தெருவில் அவருக்கு 'பஸ் சீட்டு' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பணிமனையில் பேருந்து இருக்கைகளுக்கு ரெக்சின் தைத்தவர். விரல்கள் அவ்வளவு சொரசொரப்பு. பட்டுத்துணியைத் தொட்டால் இழை மாட்டும். அதனால் காலையில் பல் துலக்கியதும் விரல் நுனிகளை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்வார்.

அலங்காரக் குஷன் தைப்பது உண்மையில் அவர் மனைவியின் தொழில். அதைப் 'பொம்மை மெத்தை' என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர்தான் இவர்.

போன வருடம் அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. புதுவீடு போகும் ஒரு பெண்ணுக்கு ஆறு குஷன் தைத்துத் தர வேண்டியிருந்தது. "பஸ்ஸுக்கே தைச்சவன், இதெல்லாம் ஜுஜுபி!" என்று இவர் மெஷினில் உட்கார்ந்தார். மனைவி சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. மூலைகள் கொம்பு முளைத்தாற்போல் நின்றன, நடுவில் தொளதொள. ஆறும் மறுநாளே திரும்பி வந்தன.

"வீட்ல சும்மா தைச்ச மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றாளாம் அந்தப் பெண். பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த பேர். மனைவி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார்" என்றார் இவர் என்னிடம்.

நேரே ஒரு பெரிய சோபாக் கடைக்குப் போய் ஒவ்வொரு குஷனாகப் பிசைந்து பார்த்திருக்கிறார். "என்ன வேணும்?" என்று விற்பனையாளர் முறைக்க, "படிக்க வந்தேன் தம்பி" என்றாராம். வீடு திரும்பியதும் மனைவியிடம், "நீ சொன்னதுதான் அங்கயும் இருக்கு. இன்னொரு தடவை சொல்லு" என்று ஆறையும் பிரித்துப் போட்டார். மூலையைக் கொஞ்சம் உள்வாங்கி வெட்டினார். உள்மெத்தையைவிட உறையை ஒரு அங்குலம் சிறிதாக்கினார். தொளதொளப்பு போய் விறைத்து நின்றது. ஜிப்பை அடித்தையலுக்குள் தேடினால்தான் கிடைக்கும்படி ஒளித்தார்.

இந்த முறை அந்தப் பெண் ஃபோன் செய்தாள். "வெளியில யார்கிட்ட குடுத்தீங்க ஆன்ட்டி? அந்த டெய்லர் நம்பர் கிடைக்குமா?"

"அவர் வேற யாருக்கும் தைக்க மாட்டாரும்மா. எனக்கு மட்டும்தான்" என்றார் மனைவி.

இப்போது அந்த வீட்டில் இரண்டு மெஷின்.

போன வாரம் மணிக்கட்டைக் காட்ட இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். காத்திருக்கும் நாற்காலியில் தையல் விட்ட குஷன் ஒன்று கிடந்தது. சட்டைக் காலருக்கு அடியிலிருந்து நூல் கோத்த ஊசியை உருவினார். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட, மனைவி எழுந்து நின்றார். "ஒரே நிமிஷம்" என்று இவர் விரலை உயர்த்திவிட்டு, போட்ட முடிச்சு வெளியே தெரியாதபடி ஊசி முனையால் உள்ளே தள்ளினார்.