கலா கொண்டு வந்த இரண்டு பூ

நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்து இலையைப் பார்த்துப் பெயர் சொல்வது பாதி வேலை. சொன்ன பெயர் சரிதானா என்று ராத்திரி முழுக்க யோசிப்பது மீதிப் பாதி. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாவு பூசிய இலை

இருபது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு விருத்தாசலம் திரும்பிக் கடை வைத்த புதிது. பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் வேலுவுக்கு ஓயாத இருமல். அவர் மனைவி கலா ஒரு பை நிறைய இலை உருவிக்கொண்டு வந்தார். ஆடாதோடையா என்று பார்க்க வேண்டுமாம். எல்லா இலையிலும் களிமண் தூசி, மாவு பூசினாற்போல. மேலே இருந்த ஒன்றைக் கழுவினேன். ஈட்டி போல நீளம், விளிம்பில் வெட்டு இல்லை, கசக்கினால் அந்தக் கசப்பு வாடை. "ஆடாதோடைதான். அடுத்த தடவை பூவும் கொண்டு வாங்க" என்றேன். கலா சிரித்தார்.

"காலேஜில படிச்ச உங்களுக்குப் பூ வேணுமா சார்? எங்களுக்கு ஆடு போதும். அது வாய வெக்கலன்னா இதான்."

ஒரே புதரில்

மறுநாள் காலை வந்து உள்ளங்கையை விரித்தார். ஒரு பூ வெள்ளை. உதடு பிளந்த வாய் மாதிரி, உள்ளே ஊதாக் கோடு. ஆடாதோடை. இன்னொன்று ரோஸ் நிறம், ஐந்து இதழ். அரளி.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த பொம்மைகளைக் கொட்டும் மேட்டில், வெள்ளை முகங்களுக்கு நடுவே முளைத்த புதராம். இரண்டு செடி பின்னி வளர்ந்ததை ஒன்று என்று நினைத்திருக்கிறார். ஆடு அரளியையும் தொடாது. நான் கழுவிப் பார்த்ததோ ஒரே ஓர் இலை. கஷாயம் குடித்தாரா என்று கேட்டேன்.

"நேத்து சாயந்தரம் ஒரு சொம்பு குடிச்சாருங்க. அப்பலேர்ந்து இருமல் சத்தமே இல்ல. எழுப்ப மனசு வரல சார், அப்படி ஒரு தூக்கம்."

சத்தமில்லாத வீடு

கலாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் அவர் காரணம் கேட்டார்; நான் வண்டியை இன்னும் முடுக்கினேன். தெருமுனையில் அவரை இறக்கி ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வேலு பாயில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. ஜன்னலோரம் தலையில்லாத பீங்கான் பொம்மை ஒன்று. கழுத்து விளிம்புவரை பச்சையாகக் கஷாயம் தளும்பியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து குரல் வந்தது: "கசப்பு தாங்கல சார், அதுல ஊத்திட்டேன். இருமுனா இன்னொரு சொம்பு காய்ச்சிடுவா. அதான் அடக்கிக்கினு கெடக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வெடித்தது. கலா ஆட்டோவோடு வந்தார். இரண்டு பூவின் கதையை, என் தப்பையும் சேர்த்து, சொன்னேன். கலா பொம்மைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் குடுத்தத குடிக்காததாலதான் உசுரோட இருக்கியாய்யா? இரு, சாரு ஒவ்வொரு எலையா கழுவிக் குடுக்கட்டும், காய்ச்சறேன்."

ஒரு மனுஷன் மூச்சு முட்ட இருமுவதைக் கேட்டு நெஞ்சு குளிர்ந்த மருந்துக் கடைக்காரன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.