பல்செட்டும் பாரிஸ் குழலும்

என் வீட்டுக்காரர் தன் வெள்ளிப் புல்லாங்குழலை விற்கப்போவதாகச் சொன்ன அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுக் குழல் அது. பாரிஸ் என்று முத்திரை இருக்கும். வாலிபத்தில் புதுச்சேரியில் எலக்ட்ரீசியனாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினாராம். எங்கள் ஊர் இண்டூரில் இவர் விடியலில் ஊதாத நாளே கிடையாது.

எல்லாம் பல்லால் வந்த வினை. முன்பற்கள் போய், தருமபுரியில் பல்செட் கட்டிய பிறகு குழலைத் தொடவே இல்லை. "பொய்ப்பல்லுல ஊதுனா காத்துதான் வரும். ஊதத் தெரிஞ்சவங்க கைக்குப் போவட்டும்" என்பார். ஒரு தடவை ஊதித்தான் பாருங்களேன் என்றால் எழுந்து போய்விடுவார். பயம், வேறென்ன! குழலும் போய்விட்டால் இந்த மனுசன் முடங்கிவிடுவாரே என்றுதான் எனக்குக் கவலை. அதற்குள் மகள் போனில் விளம்பரம் போட்டுவிட்டாள்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். குழல் படிக்கிறவளாம். பெட்டியைத் திறந்து, குழலின் துண்டுகளைப் பூட்டி, ஊதினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"லீக் ஆகுது சார்" என்றாள்.

இவர் வாங்கிப் பார்த்தார். துளைகளை மூடும் சின்னச் சின்ன மூடிகளின் அடியில் சந்தனம் காய்ந்து கிடந்தது. கிரைண்டர், தையல் மிஷின், பைக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு குழலுக்கும் வைத்தவள் நான்தான். வெள்ளியாயிற்றே என்று தாராளமாகவே வைத்தேன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? கிரைண்டரும் இதுவும் ஒண்ணா?"

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "வருசா வருசம் வெக்கறதுதானேங்க! மறுநாளே நீங்க தொடைச்சிருவீங்க. இந்த வருசம் தொட்டீங்களா?"

அவர் உட்கார்ந்து, துணியாலும் பஞ்சுக் குச்சியாலும் ஒவ்வொரு மூடியாகத் துடைத்தார். அந்தப் பெண் காபி குடித்துவிட்டு மறுபடி ஊதினாள். கீழ்ச்சத்தம் மட்டும் திக்கியது.

"இன்னும் ஏதோ கோளாறு சார்."

"கொழல்ல ஒரு கோளாறும் கெடையாது! இங்க குடும்மா."

கோபத்தில் பல்செட் ஞாபகமே இல்லை மனுசனுக்கு. வெடுக்கென்று வாங்கி ஊதினார். முதலில் காற்று. உதட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். சத்தம் வந்தது! அவள் திக்கிய அதே கீழ்ச்சத்தம், முழுசாக வந்தது. அப்படியே மேலே ஏறினார். நடுவில் பல்செட் கடக்கென்றது. விரலால் அழுத்திக்கொண்டு திரும்பவும் ஊதினார். நான் டம்ளரும் கையுமாக நின்று அழுதேன்.

நிறுத்தியபோது அவருக்கு வியர்த்திருந்தது. அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள், "குடுக்கறீங்களா சார்?"

அவர் குழலை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "இல்லம்மா."

யாரிடமும் தணிந்து பேசிப் பழக்கமில்லாத நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இவ்ளோ தூரம் வர வெச்சிட்டோம். மன்னிச்சிக்க கண்ணு."

"பரவால்ல ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லுங்க" என்று பையைக் கீழே வைத்தாள்.