புதன்கிழமை மயக்கம்

கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்த நிம்மி மிஸ், 'புதன்' என்பதை முடிப்பதற்குள் பொத்தென்று தரையில் சாய்ந்துவிட்டார். சேலைத் தலைப்பைக் கீழே விரித்துக்கொண்டுதான் சாய்ந்தார். அந்த வகுப்பறைத் தூசி அவருக்குப் பழக்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதறவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒருத்தி தோளைத் தட்டி, "மிஸ், மிஸ், கேக்குதா?" என்றாள். ஒருவன் வெறுங்கையைக் காதில் வைத்து 108-க்குப் பேசினான். நிம்மி மிஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "விலாசம் சொன்னியா? சொல்லாம வெச்சா ஆம்புலன்ஸ் எங்க போகும், நஞ்சன்கூடுக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மயங்கினார்.

ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய, தமிழும் கன்னடமும் கலந்த அந்தப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன் முதலுதவிப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி ஆணை வந்தது. மற்ற ஆசிரியர்கள் எல்லாருக்கும் அந்த வாரம் பார்த்து ஊரில் கல்யாணம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நிம்மி மிஸ் போனார். போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு. புதன்கிழமைதோறும் ஒரு வகுப்பை முதலுதவிக்கென்று வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் சர்ச்சில் பிரசங்கம் அவர் காதில் விழுவதில்லை. வெயிலில் நடந்து வந்த கிழவிகளில் யார் முதலில் சாயப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணப் பந்தியில் லட்டை முழுசாக வாயில் போடுகிறவரைக் கண்காணிப்பதில் தன் சோறு ஆறிப்போகும். கைப்பையில் குடை இருக்காது, கட்டுத்துணி இருக்கும். "மழையில நனைஞ்சு யாரும் சாகல" என்பார். கணவர் எரிக் அவரோடு சினிமாவுக்குப் போவதையே விட்டுவிட்டார். "அடிபட்ட ஹீரோவத் தூக்கற விதம் தப்புன்னு தியேட்டர்ல எந்திரிச்சு நின்னு கத்தறா சார்."

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவர்களையும், மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்பவர்களையும் அவர் ஒருவாறு மன்னித்துவிடுவார். தீக்காயத்தில் காப்பித்தூள் அப்புகிறவர்களுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. "சுட்ட எடம் என்ன ஃபில்டரா, காப்பித்தூள் போட? குழாய்த் தண்ணி, இருபது நிமிஷம். பேஸ்ட் பேடா, மஞ்சள் பேடா, காப்பித்தூள்..." என்று நிறுத்துவார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேரும் என்பது அவர் கணிப்பு. "பேடவே பேடா!" என்று வகுப்பு அலறும்.

அலறியது வீடு வரைக்கும் போனது. கட்டடங்களில் கம்பி கட்டும் முனிராஜின் மகள் தாரணி, தன் அம்மா கையிலிருந்த காப்பித்தூள் டப்பாவைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். "மிஸ், இவ எங்கள அடுப்பாண்ட நிக்கவே உடமாட்டேங்கறா" என்று அந்த அம்மாள் வந்து புகார் செய்தபோது நிம்மி மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. அசோகர் சாலையோரம் மரம் நட்டதை இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு பிள்ளையும் ஒரு கன்று நட்டதில்லை. இந்த ஒரு பாடத்தைத்தான் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. தலைமை ஆசிரியை வினிதா, புதன்கிழமை வகுப்பைக் கணக்குக்குக் கேட்டார். "நோடி, பாருங்க நிம்மி, நம்ம ஸ்கூல்ல இதுவரைக்கும் யாருக்கு என்ன ஆச்சு? கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. கணக்குலதான் எல்லாப் பிள்ளைங்களுக்கும் அடி." பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் ஒரு தடவை செய்து காட்டட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். நிம்மி மிஸ், பள்ளியில் யாருக்காவது சின்னதாக ஏதாவது ஆகக்கூடாதா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்; உடனே சிலுவை போட்டுக்கொண்டார்.

கூட்டத்தன்று பெற்றோருக்குக் காப்பி போட ஆயா கௌரம்மா சமையலறையில் பால் காய்ச்சினாள். எட்டிப்பார்த்த நிம்மி மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "பாத்திரம் ஓரமா இருக்கு பாரு, பிள்ளைங்க ஓடற எடம்" என்றபடி தானே அதை உள்ளே தள்ளினார். கொதிக்கிற பால் தளும்பி இடது கையில் கொட்டியது.

"அய்யோ தேவரே!" என்று கௌரம்மா காப்பித்தூள் டப்பாவை நீட்டினாள். நிம்மி மிஸ்ஸின் வலது கை யாரையும் கேட்காமல் டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளியது. அம்மா வளர்த்த கை அது. மூன்று நாள் பயிற்சி அதுவரைக்கும் எட்டவில்லை.

"மிஸ்! பேடவே பேடா!"

மிஸ்ஸைக் கூட்டிப்போக வந்த தாரணி வாசலில் நின்றிருந்தாள். அடுத்த கணம் சுட்ட கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளிக்குழாயடியில் நிறுத்தினாள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றித் தன் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். "இருபது நிமிஷம் மிஸ். கைய எடுக்கக் கூடாது."

சத்தம் கேட்டு வினிதா வந்தார், அவர் பின்னாலேயே பெற்றோரும். குழாயடியைப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, எப்படிப் பழக்கி வெச்சிருக்காங்க! கணக்க வேற பீரியட்ல போட்டுக்கலாம். புதன்கிழமை உங்களுக்குத்தான் நிம்மி." யாரோ கைதட்டினார்கள்.

நிம்மி மிஸ்ஸின் வலது கை முதுகுக்குப் பின்னால், சேலை மடிப்புக்குள் மூடியே இருந்தது. வியர்வையில் தூள் நனைந்து விரலிடுக்கில் பிசுபிசுத்தது. சுட்ட இடத்தைவிட வெட்கம் அதிகமாக எரிந்தது.

"அந்தக் கைல என்ன?" என்றார் வினிதா.

"அதுலயும் பால் பட்டிருச்சு மிஸ்" என்று தாரணி சொல்லிவிட்டாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அந்தக் கையையும் முன்னால் இழுத்துக் குழாய்க்குக் கீழே வைத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கத் தொடங்கியதும், குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.