ஹங்கேரிக்காரியும் எங்கள் நடு மதிலும்

அந்தப் பந்து வெளியேதான் விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வளவில் மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் வேறு கதை சொல்கிறார்கள். நான் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். கோடு எது, கோட்டுக்கு வெளியே எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் வாப்பா இரண்டு பெண்மக்களுக்கும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நானும் தங்கச்சியும் பிறந்த வளவிலேயே இருக்கிறோம், வந்து சேர்ந்தவர்கள் எங்கள் கணவன்மார். இரண்டு வீட்டுக்கும் நடுவில், நெல் காயப்போடுவதற்கென்று வாப்பா ஊற்றிவைத்த பெரிய சீமெந்துத் தளம். போகம் முடிந்து நெல் வரும் நாட்களைத் தவிர மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும்.

அந்தத் தளத்துக்கு டென்னிஸைக் கொண்டுவந்தவர் தங்கச்சியின் கணவர். மச்சான் கத்தாரில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் போர்வையும் பால்மாவும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பை நிறைய ரெக்கட்டும் நிறம் மங்கிய பந்துகளும் கொண்டுவந்தார். கூடவே அந்த மைதானத்துக்கு ஆட வந்த ஒரு ஹங்கேரிக்காரியின் கதையையும் கொண்டுவந்தார்.

“தனிய விளையாடக்குள்ள அந்தப் புள்ள சிரிச்சி நான் ஒருநாளும் காணல்ல மதினி,” என்றார். “முதல் சுத்து, ரெண்டாம் சுத்தோட பையத் தூக்கிக்கிட்டுப் போயிரும். சோடியோட வந்தா வேற ஆள். கதைக்கிறதென்ன, சிரிக்கிறதென்ன! கோப்பையும் தூக்கும்!”

அன்றிலிருந்து நாங்கள் நான்கு பேரும் அவளுடைய ஆட்களாகிவிட்டோம். சோடி மாறுவாள், ஊர் மாறுவாள், ஆனால் யாரோடு சேர்ந்தாலும் அந்த மற்றவளையும் சேர்த்து உயர்த்திவிடுவாள். நான் மெய்மறந்து பார்த்தது அவள் அடிக்கும் அடியையல்ல. சோடிக்காரி பந்தைத் தவறவிட்டதும் ஓடிப்போய்க் கையில் தட்டிவிட்டு வருவாளே, அதைத்தான். உலகக் கோப்பைகளைத் தூக்குகிறவளுக்கு அதற்கும் நேரம் இருந்தது!

எங்கள் தளத்தில் பின்னேரம், அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் ஆட்டம். என் வீட்டுக்காரர் தோணி வைத்திருப்பவர். கிழிந்த மீன்வலையொன்றைத் தளத்தின் நடுவில் இழுத்துக் கட்டி, சுண்ணாம்பால் கோடும் போட்டார். என் வீட்டுப் பக்கம் நானும் தங்கச்சியும், அந்தப் பக்கம் சகலன்மார் இரண்டு பேரும். வெளி மதில் உயரமென்பதால் தெருவிலிருந்து ஒருவர் கண்ணும் படாது. பள்ளிக்கூடம், சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் நான் வாய்விட்டுக் கத்துவதற்கு எனக்கிருந்த ஒரே நேரம் அதுதான். தங்கச்சிக்கும் அப்படித்தான். நான் சேர்வ் போடுவேன், அவள் ஹங்கேரிக்காரியைப்போல வலையடியில் பதுங்கி நின்று சட்டென்று குறுக்கே பாய்ந்து பந்தை அறைவாள். ஆண்கள் தோற்றுத் தோற்று அலுத்துப்போனார்கள்.

அப்படியொரு பின்னேரம்தான் மச்சான் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது.

“வெளிய!” என்றேன்.

“கோட்டுல பட்டது மதினி!”

“சுண்ணாம்பு கலைஞ்சிரிக்கா பாருங்க. வெளிய!”

“ஒங்களுக்கு எப்பவும் ஒங்கட கணக்குத்தான் சரி!”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்கிறார்கள். ஏன் கூடாது? பொருத்தமான இடத்தில்தானே சொன்னேன். மச்சான் ரெக்கட்டைக் கீழே வைத்தார். கத்தாரிலிருந்து வந்தபின் கல்முனையில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை. “மதிலில்லாத வீடும் ஒரு வீடா? நாளைக்கே நடுமதில் கட்டுறன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். விடிந்ததும் கல்லும் சீமெந்தும் வந்து இறங்கின, மேசனும் வந்தார். எல்லை எதுவென்று கேட்டதற்கு மச்சான் வலையைக் கைகாட்டினார். மேசன் வலையைக் கழற்றி ஓரத்தில் சுருட்டி வைத்துவிட்டு அதே கோட்டில் கல் அடுக்கத் தொடங்கினார். ஆளுயரத்துக்கும் மேலே போகப் போகிறதாம்.

மதில் எழும்பினால் தங்கச்சி என்னிடம் வர அபாயாவைப் போட்டுக்கொண்டு தெருவால் சுற்றி வர வேண்டும். வருவாள், விருந்தாளியாய் வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவாள். என் பக்கத்தில் நின்று பாய்கிறவள் இருக்கமாட்டாள். இதைச் சொல்லி அழுதுவிடலாம்போல இருந்தது, ஆனால் வாய் திறந்து கேட்க ரோசம் விடவில்லை. தங்கச்சியும் ஜன்னலில் நின்று பார்த்தாளேயொழிய தளத்துக்கு இறங்கி வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து ஹங்கேரிக்காரிக்குச் சோடி ஆட்டத்தில் இறுதிப் போட்டி! மேசன் மூன்று வரி கல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அஸர் தொழுதுவிட்டு நானும் வீட்டுக்காரரும் என் ஃபோனில் பார்க்க உட்கார்ந்தோம். அவர்கள் தங்கள் வீட்டுப் பெரிய டீவியில் பார்த்தார்கள்.

அப்போதுதான் சனியன் பிடித்தது. என் ஃபோனில் படம் பிந்தி வருகிறது. ஹங்கேரிக்காரி சேர்வ் போட இன்னும் பந்தைக்கூட மேலே எறியவில்லை, அந்த வீட்டில் தங்கச்சி “ஆ!” என்று கத்துகிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மச்சான் “சே!” என்கிறார். ஒவ்வொரு புள்ளியும் எனக்கு எச்சில் பட்டுத்தான் வந்தது. முதல் செட் போனது, இரண்டாவதை அவள் பிடித்தாள். மூன்றாவது செட்டில் இன்னும் ஒரே புள்ளி, அதை விட்டால் எதிர்ச் சோடிக்குக் கோப்பை. ஒரு ஹங்கேரிக்காரிக்காகக் கையேந்தி துஆக் கேட்ட முதல் சாய்ந்தமருதுப் பெண் நானாகத்தான் இருப்பேன். அந்த நேரம் பார்த்து அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

என்னால் தாங்க முடியவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மூன்று வரிக் கல்லையும் ஒரே எட்டில் தாண்டி ஓடினேன். பின்னால் என் வீட்டுக்காரர். “என்ன நடந்த? என்னகா நடந்த?” என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

“ராத்தா, பந்து கோட்டுலயா என்டு பாக்குறாங்க!” தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

திரையில் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பந்தின் நிழல் வந்தது. கோட்டின் ஓரத்தை மயிரிழையில் தொட்டிருந்தது. உள்ளே! ஹங்கேரிக்காரி அடித்த பந்து, உள்ளே! மச்சான் கதிரையை விட்டுத் துள்ளினார்.

“பாத்தீங்களா மதினி! விளிம்புல தொட்டாலும் உள்ளுக்குத்தான்!”

“அது தொட்டிச்சி! ஒங்கட தொடல்ல!”

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மச்சானே முதலில் சிரித்தார், சிரிப்பு அடங்குமுன் அவள் அடுத்த புள்ளியையும் எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். மஃரிபுக்குச் சற்று முன் கோப்பை அவளுடையதானபோது நான்கு பேரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தோம். அவள் கோப்பைப் பக்கம் திரும்பவேயில்லை. ஓடிப்போய்த் தன் சோடிக்காரியைக் கட்டிப்பிடித்தாள். தங்கச்சி இன்னும் என் கையை விடவில்லை. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, தொழுகைக்கு உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் காலை மேசன் வந்து சாந்து குழைத்தார். “இன்டைக்கு எவ்வளவு உயரத்துக்குப் போவம்?”

மச்சான் ஒரு ரெக்கட்டை மதிலோரம் செங்குத்தாக நிறுத்தினார். அதன் நுனியில் இன்னொரு ரெக்கட்டின் தலையைக் குறுக்கே வைத்தார். கத்தாரில் வலையின் நடு உயரத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம்.

“இவ்வளவுதான். இன்னும் ஒரு வரி வெச்சு, மேல பூசி விடுங்க.”

“இதென்ன மதில்? ஆடு தாண்டும்!”

“தாண்டட்டும். கிணத்துப் பக்கம் ஒரு ஆள் போற அளவுக்கு வழியும் விடுங்க.”

சாந்து காயும்வரை பொறுத்திருந்தோம். முதல் பின்னேரம் மச்சான் மதிலுக்கு அப்பால் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே, “அன்டைக்கு விழுந்தது உள்ளுக்குத்தான்,” என்றார்.

“வெளிய,” என்றேன்.

தங்கச்சி கிணற்றடி வழியால் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்றாள்.