தடித்த ஹீலியம் கோடு

பெங்களூரில் ஒரு விண்மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். விண்மீனின் ஒளியைக் கருவியில் பிரித்தால், அங்குள்ள ஒவ்வொரு தனிமமும் கறுப்புக் கோடாகத் தெரியும். அன்று ஹீலியத்தின் கோடு தடித்துக் கிடந்தது.

கருவியைப் பராமரிக்கும் செல்வி ஈஜிபுராவிலிருந்து வரும் ஒப்பந்த ஊழியர். "ஃபோகஸைக் கெடுத்துட்டியே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மெயிலும் தட்டிவிட்டேன்.

அவர் திரையருகே வந்தார். "ஸ்வல்ப இதப் பாருங்க சார். இரும்புக் கோடு மெல்லிசாத்தானே இருக்கு? ஃபோகஸ் போயிருந்தா ரெண்டும்ல தடிச்சிருக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டைத் தடிக்கவைத்தது விண்மீனின் மேலடுக்குச் சூடு. அந்தச் சூட்டில் அணுக்கள் கண்டபடி ஓடும். பலூனில் அடைக்கிற லேசான ஹீலியம் வேகமாக ஓடும், கனமான இரும்பு மெதுவாக ஓடும். வேகம் கூடினால் கோடு அகலும். போன வாரம் வகுப்பில் இதைப் பலகையில் எழுதி நடத்தியதே நான்தான்!

தவறு என்னுடையது என்று மேலதிகாரிக்கு எழுதினேன். பிறகு எல்லோர் முன்னாலும், "மன்னிச்சிடுங்க செல்வி" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று வருடத்தில் அவரிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.